அறிக்கையில் 2.5 மீட்டர், கண்ணெதிரே 4 மீட்டருக்கு மேல்: கடல் வானிலை அறிக்கையை எப்படிப் படிப்பது?

புதுமாலுமி:

சரக்குக் கப்பலில் டெக் கேடட்டாக (பயிற்சி அதிகாரியாக) ஏறி ஏழு மாதம் ஆகிறது. வளைகுடாவில் யூரியா ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். மே மாதக் கடைசி, அரபிக்கடல். பருவக்காற்று இன்னும் பிடிக்கவில்லை. நேற்று மாலை வந்த அறிக்கையில் காற்று தென்மேற்கிலிருந்து 15 முதல் 20 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), அலை உயரம் 2.5 மீட்டர் என்று இருந்தது.

நள்ளிரவு 12 முதல் 4 வரை எனக்குக் காவல். மூன்று மணி இருக்கும். வலப்பக்கம் ஓர் அலை, மற்றவற்றைவிட உயரமாக, நிலா வெளிச்சத்தில் எழுந்து வருவதைப் பார்த்தேன். கப்பல் இடப்பக்கம் சாய்ந்து, திரும்ப வலப்பக்கம் சாயும் நேரத்தில் அடுத்த அலை ரெயிலிங்கைத் தாண்டி மூன்றாம் ஹாட்ச் (சரக்கறை மூடி) வரை ஏறிவிட்டது. சார்ட் மேசையிலிருந்த பென்சில்கள் அத்தனையும் தரையில். நாலு மீட்டருக்குக் குறையாது. நாலரை என்றுகூடச் சொல்வேன்.

லாக் புக்கில் (கப்பலின் பதிவேட்டில்) என்ன எழுதுவதென்று தெரியாமல் 2.5 என்றே எழுதிவிட்டேன். காலையிலிருந்து அது உறுத்துகிறது. கணிப்பு தவறா, நான் அதைப் புரிந்துகொண்டது தவறா?

நடுக்கடல்:

தம்பி, கணிப்பும் தவறில்லை, நீங்கள் பார்த்ததும் தவறில்லை. அறிக்கையில் வரும் அலை உயரம் என்பது அங்கே எழும் மிகப்பெரிய அலையின் உயரம் அல்ல. ஓர் இடத்தில் நின்று, கடந்துபோகும் அலைகளை எல்லாம் அளந்து உயரவாரியாக அடுக்கினால், மேலே இருக்கும் மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரிதான் அந்த 2.5. சராசரி என்றாலே அதற்கு மேலேயும் அலை உண்டு. நான் காவலுக்கு வருகிற ஒவ்வொரு கேடட்டிடமும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவேன்: அறிக்கையின் எண்ணை இரண்டால் பெருக்கி மனசில் வைத்துக்கொள், டெக்கில் ஆளை அனுப்பும் முன்பு அந்தப் பெரிய எண்ணை நினை.

லாக் புக்கில் 2.5 எழுதியது பரவாயில்லை. ஆனால் அறிக்கையைப் பார்த்து எழுதாதீர்கள், கடலைப் பார்த்து எழுதுங்கள். நீங்கள் எழுதும் கவனிப்பு கரைக்குப் போகிறது. அங்கே அதை நம்பித்தான் அடுத்த கணிப்பைச் சரிபார்க்கிறார்கள். அவர்கள் எண்ணையே அவர்களுக்குத் திருப்பி அனுப்பினால் யாருக்கும் உதவாது.

உவர்நீர்:

நடுக்கடல் சொன்னதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் படைகளைப் படகிலிருந்து கரையில் இறக்க வேண்டியிருந்தது. அலை எவ்வளவு இருந்தால் இறக்கலாம் என்று முன்கூட்டிச் சொல்லும் வேலை வால்டர் மங்க் என்ற இளம் கடலியலாளருக்கும் அவருடைய ஆசிரியர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப்புக்கும் வந்தது. படகோட்டிகளிடம் 'அலை எவ்வளவு' என்று கேட்டால் ஒரு எண் சொல்வார்கள். அளந்து பார்த்தால் அது எல்லா அலைகளின் சராசரியைவிட அதிகம். சின்ன அலைகளை மனிதக் கண் கணக்கிலேயே எடுப்பதில்லை. உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரியோடு அந்த எண் ஏறக்குறைய ஒத்துப்போனது. அதனால் அதையே அளவுகோலாக வைத்தார்கள், இன்றுவரை அதுதான்.

இப்போது உங்கள் இரவுக்கு வருவோம். ஆழ்கடலில் அலை உயரங்கள் பரவியிருக்கும் விதத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நூறு அலைக்கு ஒன்று, அறிக்கை எண்ணைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கும். ஆயிரத்துக்கு ஒன்று 1.86 மடங்கு. பத்து விநாடிக்கு ஓர் அலை என்றால் ஆயிரம் அலை கடக்க மூன்று மணி நேரம்கூட ஆகாது. 2.5 மீட்டருக்கு 1.86 மடங்கு போட்டால் 4.65. நாலு மணி நேரக் காவலில் நாலரை மீட்டர் அலை ஒன்றைப் பார்ப்பது அதிசயமே இல்லை. பார்க்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

கட்டுமரம்:

நான் கப்பல்காரன் இல்ல, வள்ளத்துல போறவன். முப்பது வருசமாச்சு. ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. ஆளைக் கவுக்குறது அந்தப் பெரிய அலைதானே? சராசரி அலை எவனையும் கொன்னதில்ல. அப்புறம் எதுக்கு சராசரியைச் சொல்றீங்க? '2.5, ஆனா நாலரை வரைக்கும் வரலாம்'னு ஒரே வரியில போட்டா என்ன குறைஞ்சுபோகும்? நம்ம ஆளுக கேக்குறது ரேடியோவுல, போன்ல. அதுல எவனும் 1.86 மடங்கு போட்டுப் பாக்கப் போறதில்ல.

மேகக்கணக்கு:

ஐயா, நான் கணிப்பு தயாரிக்கும் பக்கத்தில் சில வருடம் வேலை பார்த்தவன். உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் பெரிய அலையை மட்டும் சொல்வதிலும் சிக்கல் இருக்கிறது. சராசரியை நம்மால் நன்றாகக் கணிக்க முடியும், செயற்கைக்கோளும் மிதவைகளும் அளப்பதோடு ஒப்பிட்டுத் திருத்தவும் முடியும். 'மிகப்பெரிய அலை' என்பது எத்தனை நேரம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு எண், ஒரு நாளுக்கு இன்னொரு எண். தினமும் நாலரை, ஐந்து என்று போட்டுக்கொண்டே இருந்தால், உண்மையிலேயே கடல் கொந்தளிக்கும் நாளில் அந்த எண்ணுக்கு மதிப்பிருக்காது.

என் பக்கம் இருப்பவர்கள் பலர் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் நிறுத்த மாட்டேன். ஆஸ்திரேலிய வானிலை நிலையத்தின் கடல் அறிக்கைகளைப் பாருங்கள், புதுமாலுமி எப்படியும் அந்தப் பக்கம்தான் போகிறார். காற்றின் திடீர் வீச்சு கணிப்பைவிட 40 சதவீதம் கூடுதலாகவும், அலை இரண்டு மடங்கு வரையும் இருக்கலாம் என்று ஒரு நிலையான வரி சேர்ந்தே வரும். எண்ணை மாற்றவில்லை, எண்ணின் பொருளைப் பக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். எல்லா மொழியிலும் எல்லா அறிக்கையிலும் இந்த வரி வந்தாக வேண்டும் என்பதுதான் என் கருத்து.

கட்டுமரம்:

அதைத்தான் நானும் கேக்குறேன். அது போதும்.

இன்னொன்னு. 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக்காற்று, மீனவர்கள் செல்ல வேண்டாம்'னு அறிவிப்பு வருது. நல்லதுதான். ஆனா எந்தக் கடல்னு கேட்டா பாதி வங்கக்கடலைச் சொல்றாங்க. நம்ம முன்னாடி கடல் கண்ணாடி மாதிரி கிடக்கு. நாலு தடவை இப்படி ஆனா அஞ்சாவது தடவை எவனும் கேக்க மாட்டான். அஞ்சாவது தடவைதான் நெசமா இருக்கும்.

2017 நவம்பர் ஒக்கி எங்களுக்கெல்லாம் தெரியும். 29ஆம் தேதி காலையில வெறும் தாழ்வு மண்டலம், 30 காலையில புயல். ஒரே நாள். நாள்கணக்குல தங்கல் போன படகெல்லாம் அதுக்கு முன்னாடியே ஆழக்கடல்ல இருந்துச்சு. கரையில சொன்ன செய்தி அங்க எப்படிப் போகும்? போன் எடுக்காது. வயர்லெஸ் கொஞ்ச தூரம்தான். அறிக்கை சரியா தப்பாங்கிறது இரண்டாவது பேச்சு. ஆளுகிட்ட போய்ச் சேருதாங்கிறதுதான் முதல் பேச்சு.

நடுக்கடல்:

ஐயா சொல்வது கனமான விஷயம். கப்பலில் எங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. கரையோரம் போகும்போது நேவ்டெக்ஸ் என்ற வானொலி எச்சரிக்கைச் சேவை, 518 கிலோஹெர்ட்ஸில் சில நூறு கடல் மைல் வரை எட்டும். அதற்கப்பால் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை தானாகவே பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் அறையில்) அச்சாகி வரும். உலகக் கடல் முழுவதையும் 21 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்டைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். பெரிய கப்பலுக்கு இது சட்டம். சின்னப் படகுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஒக்கிக்குப் பிறகு, 2019இல், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் ஜெமினி கருவி வந்தது. ஆழ்கடலிலும் எச்சரிக்கை கிடைக்கும், ஆனால் ஒருவழிதான். படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது.

புதுமாலுமி:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒன்று புரியவில்லை. காற்று தென்மேற்கிலிருந்து அடித்தது. ஆனால் கப்பலை அதிகம் உருட்டிய அலைகள் அந்தத் திசையிலிருந்து வரவில்லை. இன்னும் தெற்கிலிருந்து, நீளமாக, மெதுவாக வந்தன. நுரை இல்லை, சத்தமில்லை.

உவர்நீர்:

சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். நீங்கள் பார்த்தது இரண்டு கடல்கள், ஒன்றின்மேல் ஒன்று. ஒன்று அங்கேயே அடிக்கும் காற்று எழுப்பியது, எட்டு விநாடிக்கு ஒன்று, நுரையோடு. மற்றது ஸ்வெல். எங்கோ வீசிய புயல்காற்றில் பிறந்து, காற்றை விட்டு வெளியேறி, தன்பாட்டுக்குப் பயணம் வருவது. இந்தியப் பெருங்கடலில் அதன் பிறப்பிடம் பெரும்பாலும் தெற்கே 40 டிகிரிக்கு அப்பால்.

இரண்டையும் கூட்டும்போது நேராகக் கூட்டக்கூடாது. அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வருவதால், வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். காற்றலை 2 மீட்டர், ஸ்வெல் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கூட்டல் 2.25, ஆக 6.25. வர்க்கமூலம் 2.5. உங்கள் அறிக்கையின் எண் இப்படி வந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒற்றை எண்ணுக்குள் இரண்டு திசையும் இரண்டு கால இடைவெளியும் மறைந்துபோய்விடுகின்றன. என்னைக் கேட்டால் அலை உயரத்தைவிட அதிகம் பார்க்க வேண்டியது அந்த விநாடிக் கணக்கைத்தான்.

அதை அளப்பது சுலபம். தண்ணீரில் ஒரு நுரைத்திட்டைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். அது முகட்டில் ஏறும் கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தி, அதன்பின் மேலும் பத்து முறை ஏறும் வரை எண்ணுங்கள். நேரத்தைப் பத்தால் வகுத்தால் விநாடி வந்துவிடும். விநாடி தெரிந்தால் எல்லாம் தெரியும். ஆழ்கடலில் அலைநீளம், மீட்டரில், விநாடியின் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கியது. 16 விநாடி அலை என்றால் 400 மீட்டர் நீளம். அந்த அலைக்கூட்டம் நகரும் வேகம், நாட் கணக்கில், விநாடியைப்போல் ஒன்றரை மடங்கு. 16 விநாடிக்கு 24 நாட்.

நடுக்கடல்:

விநாடி ஏன் முக்கியம் என்று நான் உடம்பால் கற்றேன். தானியம் ஏற்றிய கப்பல், இயல்பாகவே 15 விநாடிக்கு ஒருமுறை ஆடும். ஒரு நாள் ஒன்றரை மீட்டர் ஸ்வெல்தான், கடல் பார்க்க எண்ணெய் ஊற்றியதுபோல் வழுவழுப்பாக இருந்தது. நேர் பக்கவாட்டில், அதே 15 விநாடிக்கு ஒன்று. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல ஒவ்வொரு அலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிட்டது. பத்து நிமிடத்தில் 25 டிகிரி சாய்வு. மெஸ் அறையில் நாற்காலிகள் சுவருக்குச் சுவர் போய்வந்தன. கேப்டன் மேலே வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, திசையை 30 டிகிரி மாற்றச் சொன்னார். கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது. அன்றைய அறிக்கையில் அலை உயரம் 'மிதமானது' என்றுதான் இருந்தது.

அலை உயரத்தை அளக்க ஒரு பழைய வழியும் சொல்லிவிடுகிறேன். பிரிட்ஜ் உயரத்திலிருந்து பார்த்தால் எல்லா அலையும் தட்டையாகத் தெரியும். கடல் பெரிதாக இருக்கும்போது, கப்பல் அலைப்பள்ளத்தில் நிமிர்ந்து நிற்கும் கணத்தில், வரும் முகடு அடிவானத்தோடு ஒரே கோட்டில் தெரிகிற தளத்துக்கு இறங்கி நில்லுங்கள். தண்ணீரிலிருந்து உங்கள் கண் எவ்வளவு உயரமோ, அலை அவ்வளவு. வெளித்தளத்துக்குப் போகாமல் உள்ளிருந்தே ஜன்னல் வழியாகப் பாருங்கள்.

கட்டுமரம்:

நுரை இல்லாம, சத்தமில்லாம வருதுன்னு தம்பி சொன்னாரே, அதுதான் எங்க பக்கம் கள்ளக்கடல். காத்து இருக்காது, வானத்துல மேகம் இருக்காது, மேற்குக்காத்து கச்சானும் இல்ல, கிழக்குக்காத்து கொண்டலும் இல்ல. திடீர்னு தண்ணி ஏறி வள்ளத்தை இழுத்துட்டுப் போயிடும். திருடன் மாதிரி வர்றதால அந்தப் பேரு. கடலுக்குள்ள நிக்கிறவனுக்கு ஒன்னும் தெரியாது, வள்ளம் லேசா தூக்கி இறக்கும், அவ்வளவுதான். கரையில நிக்கிறவனுக்குத்தான் ஆபத்து.

உவர்நீர்:

ஆமாம் ஐயா. நீண்ட அலை ஆழம் குறையும்போது வேகம் இழந்து உயரம் கூட்டும். நடுக்கடலில் ஒன்றரை மீட்டராக இருந்தது கரையில் வேறு உருவம் எடுக்கும். 2024 மே தொடக்கத்தில் அப்படித்தான் தெற்குப் பெருங்கடலிலிருந்து வந்த ஸ்வெல் தென்னிந்தியக் கரைகளில் ஏறியது. ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையமான இன்கோயிஸ் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தது. இருந்தும் கரையில் நின்ற உயிர்கள் போயின. வெயில் அடிக்கும் நாளில் கடல் எச்சரிக்கையை நம்புவது மனதுக்குக் கஷ்டம். அந்த இடத்தில்தான் நாம் இழக்கிறோம்.

வரைபடம்:

நான் பொழுதுபோக்காகப் பாய்ப்படகு ஓட்டுபவன். இவ்வளவு சிரமம் எதற்கு? இப்போது செயலிகளில் காற்று, ஸ்வெல், விநாடி எல்லாம் தனித்தனி வண்ணத்தில், மணிவாரியாகக் கிடைக்கிறது. விரலை வைத்தால் எண் வருகிறது. எழுத்து அறிக்கையின் காலம் முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

மேகக்கணக்கு:

செயலி நல்ல கருவி, ஸ்வெல் விஷயத்தில் மிகவும் நல்லது. ஆனால் வெப்பமண்டலக் கடலில் அதை மட்டும் நம்பாதீர்கள். அந்த வண்ணப்படத்துக்கு அடியில் இருப்பது கடலையும் வானத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணினி போடும் ஒரு மாதிரிக் கணக்கு. ஐரோப்பிய மையத்தின் உலக மாதிரிக்குக் கட்டம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர், அமெரிக்க மாதிரிக்கு 13. செயலி கட்டங்களுக்கு நடுவே வழவழப்பாக நிரப்பிக் காட்டுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி இரு அரைக்கோளக் காற்றுகளும் சந்திக்கும் பட்டையில் ஓர் இடிமேகத்தின் அகலமே சில கிலோமீட்டர்தான். செயலி 8 நாட் காட்டும் இடத்தில், அந்த மேகத்தின் அடியில் 40 நாட் வீசும், இருபது நிமிடம். பாய்ப்படகுக்கு அந்த இருபது நிமிடம் போதும். எழுத்து அறிக்கையில் 'இடிமழை அருகே காற்றும் அலையும் கூடுதல்' என்று ஒரு மனிதர் எழுதியிருப்பார். அந்த வரி வண்ணத்தில் வராது.

எண்களை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். புயலின் காற்றை அமெரிக்க மையம் ஒரு நிமிடச் சராசரியில் சொல்லும், இந்தியா மூன்று நிமிடம், ஜப்பான் பத்து நிமிடம். கடலில் ஒரு நிமிடக் கணக்கில் 100 நாட் என்றால் பத்து நிமிடக் கணக்கில் சுமார் 93. புயல் ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. இதைப் பார்த்து 'இவர்கள் குறைத்துச் சொல்கிறார்கள்' என்று சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நடுக்கடல்:

நான் இன்னொன்று சேர்க்கிறேன்: அந்தப் படம் எத்தனை மணிக்குச் செய்தது என்று பாருங்கள். 2015 அக்டோபர் 1ஆம் தேதி பஹாமாஸ் அருகே ஹோவாகின் புயலில் எல் ஃபாரோ என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது, 33 பேர் இறந்தார்கள். கப்பலில் இரண்டு வழியாக வானிலை வந்துகொண்டிருந்தது. ஒன்று செயற்கைக்கோள் வழி எழுத்து அறிக்கை. மற்றது ஒரு மென்பொருளின் வரைபடம், பார்க்க அழகு, ஆனால் தரவு பல மணி நேரம் பழையது. கேப்டன் பெரிதும் பார்த்தது வரைபடத்தை. இரவுக் காவலில் இருந்த அதிகாரிகள் அவரை அழைத்துப் புயல் நெருங்குகிறது என்று சொன்னது பின்னர் கடலடியிலிருந்து எடுத்த பதிவில் இருக்கிறது. அந்தப் புயலின் பாதைக் கணிப்பிலேயே பெரிய பிழை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்துகொண்டன.

புயலின் பாதை வரைபடத்தில் விரிந்துகொண்டே போகும் கூம்பைப் பார்த்து 'நான் வெளியே இருக்கிறேன்' என்று நிம்மதி அடையாதீர்கள். அது புயலின் மையம் போகக்கூடிய இடம் மட்டுமே, மூன்று முறைக்கு ஏறக்குறைய இரண்டு முறைதான் மையம் அதற்குள் நிற்கும். புயலின் அகலம் அதில் இல்லை. கப்பல்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம், ஒன்று-இரண்டு-மூன்று. 34 நாட் காற்று எட்டும் தூரத்தோடு, 24 மணி நேரக் கணிப்புக்கு 100 கடல் மைல், 48க்கு 200, 72க்கு 300 சேர்த்து வட்டம் போடு, அதற்குள் நுழையாதே.

புதுமாலுமி:

நடுக்கடல் அண்ணா, காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டரை மணிக்கொரு தரம் குறிக்கச் சொல்கிறார்கள். அது தினமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறதே, எதை வைத்துப் புயல் என்று தெரிந்துகொள்வது?

நடுக்கடல்:

வெப்பமண்டலத்தில் அது மூச்சு விடும். காலை 10, இரவு 10 மணி வாக்கில் ஏற்றம், அதிகாலை 4, மாலை 4 மணி வாக்கில் இறக்கம், இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். இறக்கத்தைக் கண்டு பயப்படாதீர்கள். அந்த ஒழுங்கு கெடுகிறதா என்று பாருங்கள். காலை 10 மணிக்கு வரவேண்டிய ஏற்றம் வரவில்லை என்றால் நிமிர்ந்து உட்காருங்கள். அந்த இடத்துக்கும் மாதத்துக்கும் நேரத்துக்கும் உரிய அளவைவிட 3 குறைந்தால் சந்தேகம், 5 குறைந்தால் பக்கத்தில் எங்கோ புயல் இருக்கிறது. வடக்கு அரைக்கோளத்தில் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றால் மையம் உங்கள் வலப்பக்கம், சற்றே பின்னால். இன்னும் சில நாளில் நிலநடுக்கோட்டைத் தாண்டிவிடுவீர்கள், அங்கே இடப்பக்கம். எல்லாக் கருவியும் செத்துப்போனாலும் இது வேலை செய்யும்.

புதுமாலுமி:

மூன்று நாள் கழித்து வருகிறேன். நேற்று நிலநடுக்கோட்டைத் தாண்டினோம். இப்போது தெற்கே 2 டிகிரி, கிழக்கே 76. காற்று லேசு, 8 நாட். ஆனால் இன்று விடியலிலிருந்து ஸ்வெல் மாறியிருக்கிறது. உவர்நீர் அக்கா சொன்னபடி நுரைத்திட்டு வைத்து மூன்று முறை அளந்தேன். 158, 162, 160 விநாடி, பத்து அலைக்கு. திசை 195 டிகிரி. உயரம் இரண்டு மீட்டர் இருக்கும். அறிக்கையைப் பார்க்காமல், இதைத்தான் லாக் புக்கில் எழுதினேன், அனுப்பியும் விட்டோம்.

கட்டுமரம்:

16 விநாடியா? தெக்கே இருந்தா? தம்பி, அது எங்க கரைக்குத்தான் வருது. எப்போ வரும்?

உவர்நீர்:

24 நாட் வேகம். அவர் இருக்கும் இடத்திலிருந்து வடக்கே 8 டிகிரி வரை சுமார் 600 கடல் மைல். 25 மணி நேரம். ஐயா, நாளை விடிந்து கொஞ்ச நேரத்தில் கரையைத் தொடத் தொடங்கும். கடலின் ஓத ஏற்றமும் சேர்ந்தால் இன்னும் மேலே வரும்.

கட்டுமரம்:

இன்கோயிஸ் அறிவிப்பும் இப்பத்தான் போன்ல வந்துச்சு, அதே நேரம்தான் போட்டிருக்கு. நாலு வள்ளம் தண்ணி விளிம்புலயே கிடக்கு. பசங்களைக் கூட்டிட்டுப் போய் மேல ஏத்திட்டு வந்து எழுதுறேன்.